நாணயத்திற்கு நற்சான்று தருபவர் யார்?

எங்கள் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு நாள் சிறு பிளாஸ்டிக் பேழை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். அதனுள்ளே விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த 1862-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. பேழையின் மேற்பகுதியில் ஒரு சீட்டு. அதில் 'எம்.எஸ். 65' என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே, நாங்கள் எவரும் கேள்விப்பட்டிராத ஒரு தரச்சான்று நிறுவனத்தின் பெயரும் ஒரு வரிசை எண்ணும் காணப்பட்டன.

மாணவரின் தந்தை பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகில் மரவள்ளி பயிரிடுபவர். கிழங்கு விற்ற பணத்தில் அதை வாங்கியிருக்கிறார். கொடுத்த விலையோ அதிலுள்ள வெள்ளியின் விலையைப் போலப் பல மடங்கு. "சார், இந்த 65-ஐ நம்பலாமா?" என்பதே மாணவரின் கேள்வி.

கேள்வி சிறியது, ஆனால் பழமையானது. காசு பிறந்த நாளிலிருந்தே மனிதன் கேட்டு வரும் கேள்வி அது. காசைச் சோதிப்பவர் ஒருவர் வேண்டும். சரி, அந்தச் சோதிப்பவரைச் சோதிப்பவர் யார்? வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்று காண்போம்.

ஆய்வுக்கூடம் சொன்னதும் சொல்லாததும்

முதலில் ஒரு சங்கடம். பேழையை உடைத்தால்தான் நாணயத்தைச் சோதிக்க முடியும். உடைத்துவிட்டால் சான்று செல்லாது. தந்தையைக் கேட்டு வருமாறு மாணவரை அனுப்பினேன். "உண்மை தெரிந்தால் போதும், உடையுங்கள்" என்று அவர் சொல்லி அனுப்பினார்.

அக்காலத்து ரூபாயின் எடை 180 கிரெயின். அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. மீதி ஒரு பங்கு செம்பு. இக்கலவையின் ஒப்படர்த்தியைக் கணக்கிட்டால் சுமார் 10.3 வரும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை அறிந்த பள்ளி மாணவரும் இதைச் சோதித்துவிடலாம். மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி முதலில் காற்றிலும், பின்னர் நீரில் அமிழ்த்தியும் நிறுத்தோம். காற்றில் 11.62 கிராம். நீரில் எடையிழப்பு 1.12 கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 10.4 கிடைக்கிறது. எங்கள் தராசின் பிழை எல்லைக்குள் இது பொருந்தி வருகிறது. வெள்ளி முலாம் பூசிய செம்பு-நிக்கல் போலியாக இருந்தால் விடை 9-ஐ ஒட்டி வந்திருக்கும்.

ஆக, உலோகம் சரி. மாணவர் முகம் மலர்ந்தது. ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, அரசியின் கன்னத்தின்மீது ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன. யாரோ எப்போதோ துலக்கி மெருகேற்றியிருக்கிறார்கள். சேகரிப்பாளர் இடையே, துலக்கிய நாணயத்தின் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும். 'எம்.எஸ்.' என்ற எழுத்துகளோ, புழக்கத்திற்கே வராமல் அச்சான நிலையிலேயே உள்ள நாணயம் என்பதைக் குறிப்பவை. மேலும், 1862 என்ற ஆண்டைப் பொறித்த ரூபாய்கள் 1874 வரை தொடர்ந்து அச்சடிக்கப்பட்டவை, அரியவையும் அல்ல.

இங்கே மூன்று கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, உலோகம் எது? இதற்குத் தராசு விடை சொல்லும். இரண்டு, நாணயம் அக்கசாலையில் அச்சிட்ட அசல்தானா? நல்ல வெள்ளியிலேயே போலி செய்தால் தராசு ஏமாந்துபோகும். அசலுடன் ஒப்பிட்டே தெளிய வேண்டும். மூன்று, அதன் நிலை என்ன? இதற்கு இறுதி விடை சொல்வது பழகிய கண். அதாவது, ஒருவருடைய கருத்து. பேழையின்மீது ஒட்டிய '65' இந்த மூன்றாவது கேள்வியின் விடை. அளவீட்டின் உடையை அணிந்து வந்த கருத்து அது!

வண்ணக்கரும் நோட்டக்காரரும்

தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. இரண்டையும் ஒருசேரச் சுமந்தவர்கள் அக்காலக் காசு சோதிப்பவர்கள். சங்கப் புலவர் சிலரின் பெயர்களில் 'வண்ணக்கன்' என்ற சொல் காணப்படுகிறது. நாணயத்தின் தரத்தைச் சோதிப்பவர் என்று அதற்கு அறிஞர் பொருள் கூறுவர். பிற்காலத்தில் இத்தொழிலுக்கு 'நோட்டம்' என்றும், செய்பவருக்கு 'நோட்டக்காரர்' என்றும் பெயர் வழங்கியது. உரைகல்லும் தராசும் கூரிய கண்ணுமே அவருடைய கருவிகள்.

நோட்டம் பார்ப்பவர் தவறினால்? கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. நாணயங்களைச் சோதிக்கும் அதிகாரியை அந்நூல் 'ரூபதர்சகர்' என்கிறது. செல்லும் நாணயத்தைச் செல்லாது என்று அவர் தள்ளினாலும், செல்லாததைச் செல்லும் என்று ஏற்றாலும் தண்டம் 12 பணம். இரு பிழைக்கும் ஒரே தண்டம் என்பதைக் கவனியுங்கள். நல்லதைத் தள்ளுவதும் பிழை, தீயதைக் கொள்ளுவதும் பிழை என்று இன்றைய புள்ளியியல் தனித்தனியே வகுத்துக் காட்டும் இரண்டையும் அன்றே ஒரு தராசில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழியைத் தஞ்சைப் பெரிய கோயில் காட்டுகிறது. கோயிலுக்கு அளித்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்ததாக முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் கூறுகின்றன. எவ்வளவு எடை என்று மட்டும் எழுதவில்லை. எந்தக் கல்லால் நிறுத்த எடை என்பதையும் சேர்த்தே பொறித்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த ஒழுங்கை ஒவ்வோர் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும் நாம் இன்று எதிர்பார்க்கிறோம்.

சோதிப்பவரே வியாபாரி ஆனால்

சோதிப்பவருக்கு முடிவில் ஆதாயம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு சான்று. அக்காலத்தில் இந்தியாவில் பல அரசர்களின் பலவகைக் காசுகள் ஒரே சந்தையில் புழங்கின. அவற்றை மதிப்பிட்டு மாற்றிக் கொடுத்தவர்கள் சராபுகள். சோதிப்பவரும் அவரே, வாங்கி விற்பவரும் அவரே.

வங்காளத்தில் புது சிக்கா ரூபாய்க்கு அச்சான ஆண்டில் மட்டும் முழு மதிப்பு. மறு ஆண்டில் நூற்றுக்கு மூன்று கழிவு. அதற்கு மேல் ஐந்து. இந்தக் கழிவுக்கு 'வட்டம்' என்று பெயர். வெள்ளி தேயவில்லை; எடை குறையவில்லை; காசில் பொறித்த ஆண்டு பழையதாகிவிட்டது, அவ்வளவே! நட்டம் உழவனுக்கும் கைவினைஞனுக்கும், ஆதாயம் மாற்றுபவருக்கு. இதை ஒழிக்கக் கும்பினியார் ஒரு தந்திரம் செய்தனர். எந்த ஆண்டில் அச்சிட்டாலும், பேரரசர் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டு என்றே எல்லாக் காசிலும் பொறித்தனர். ஆண்டே மாறாவிட்டால் வட்டம் ஏது?

நம் பக்கத்திலும் குழப்பத்திற்குக் குறைவில்லை. இன்றைய தருமபுரி மாவட்டம் உள்ளிட்ட பாரமகால் பகுதி 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வரி வசூலை ஒழுங்குபடுத்தினர். சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்திற்கு 80 காசு. சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு மாறி ரூபாய்க் கணக்கு வந்தது 1818-ல். கும்பினி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே எடை, ஒரே தூய்மை கொண்ட ரூபாய் 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அளவுகோல் ஒன்றானதும் நோட்டக்காரரின் தனி ஆதிக்கம் மங்கத் தொடங்கியது.

நியூட்டன் குற்றக் கூண்டில்

சோதிப்பவர் நேர்மையானவராக இருந்தும், ஒப்பிடும் தரமே தவறாக இருந்தால்? இங்கிலாந்தில் 1282 முதல் 'பிக்ஸ் சோதனை' என்று ஒன்று நடந்து வருகிறது. அக்கசாலை அச்சிடும் நாணயங்களில் சில மாதிரிகளைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். பின்னர், அக்கசாலைக்குக் கட்டுப்படாத பொற்கொல்லர் குழு ஒன்று அவற்றை உருக்கிச் சோதிக்கும்.

1710-ல் நடந்த சோதனையில் தங்க நாணயங்கள் தரம் குறைந்தவை என்று தீர்ப்பாயிற்று. அப்போது அக்கசாலைத் தலைவர் வேறு யாருமல்லர்; ஐசக் நியூட்டன்! அவர் பதறவில்லை. ஒப்பிடுவதற்கென 1707-ல் செய்த தரத் தகட்டையே ஆராய்ந்தார். அத்தகடு சட்டம் கூறும் தூய்மையைவிட அதிகத் தூய்மை கொண்டது என்று வாதிட்டார். முடிவில் அத்தகடு கைவிடப்பட்டு, பழைய தகடே மீண்டும் பயன்பட்டது. உலகமே போற்றிய அறிஞர்தாம். ஆனாலும் அவருடைய நாணயத்தை வெளியார் ஒருவர் சோதித்தார். அந்தச் சோதனையின் அளவுகோலையும் அவர் திருப்பிச் சோதித்தார். நம்பிக்கை என்பது இவ்வாறே கட்டப்படுகிறது.

எழுபது என்ற எண் எப்படி வந்தது?

இனி, நம் பேழைக்கு வருவோம். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949-ல் வெளியிட்ட நூலில், பழைய அமெரிக்கச் செம்புச் சென்ட்டுகளுக்கு 1 முதல் 70 வரை தர எண் வகுத்தார். ஏன் 70? மிகத் தேய்ந்த காசு ஒரு பங்கு விலை பெற்றால், குறையே இல்லாத காசு அதைப்போல 70 மடங்கு பெறும் என்ற அன்றைய சந்தைக் கணக்கே அடிப்படை. வெப்பநிலைமானியின் அளவுக்குறிகளைப் போல இயற்கையிலிருந்து எடுத்த அளவு அன்று. இந்த ஷெல்டனே, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு தாழ்ந்தவற்றை அங்கே வைத்தவர் என்பது, அவர் 1977-ல் மறைந்த பின்னர் வெளிப்பட்டது. தரம் வகுத்தவரின் தரமே இப்படி!

1986-லும் 1987-லும் அமெரிக்காவில் இரு பெரிய நிறுவனங்கள் தோன்றின. வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் தரம் சொல்வார்; நாணயத்தைப் பேழையில் முத்திரையிடுவார்; தவறினால் ஈடு தருவார் என்பதே அவற்றின் வாக்குறுதி. பழைய சராபு முறையின் குறையை நீக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெற்றியைக் கண்டு பலர் கடை விரித்தனர். 2003-ல் 'காயின் வேர்ல்டு' என்னும் அமெரிக்க இதழ் எளிய சோதனை ஒன்றைச் செய்தது. ஒரே நாணயங்களைப் பல தரச்சான்று நிறுவனங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. ஒரு நாணயத்திற்குக்கூட எல்லா நிறுவனங்களும் ஒரே எண்ணைத் தரவில்லை! பின்னர், புகழ்பெற்ற நிறுவனங்களின் பேழைகளையே போலியாகச் செய்து விற்கும் கூட்டமும் தோன்றியது.

நம் நாட்டில் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. ஆறு இலக்க அடையாளக் குறியும் உண்டு. ஆனால் அது உலோகத்தின் தூய்மைக்குச் சான்று. பழங்காசின் நிலைக்குச் சான்று அன்று. பழைய நாணயம் வாங்குவதாகவும் விற்பதாகவும் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுவோர் உள்ளனர் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க நேர்ந்தது.

என்ன கேட்க வேண்டும்?

பெயர் தெரியாத நிறுவனம் என்பதாலேயே அதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. இன்றைய பெரிய நிறுவனங்களும் 1986-ல் பெயர் தெரியாதவையே. பெரிய பெயர் என்பதால் மட்டும் நம்பவும் முடியாது. யாராயினும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. தரம் சொல்பவருக்கு விற்பனையில் ஆதாயம் உண்டா? எந்த அளவுகோலால் சொன்னார் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறாரா? அதே நாணயத்தை மறுபடி கொடுத்தால் அதே விடை வருமா? தவறினால் அவருக்கு நட்டம் உண்டா? சராபுவின் கதை முதற்கேள்வியையும், ஆடவல்லான் கல் இரண்டாவதையும், 2003-ஆம் ஆண்டுச் சோதனை மூன்றாவதையும், 12 பணத் தண்டம் நான்காவதையும் நமக்குக் கற்பிக்கின்றன.

மாணவரின் தந்தை விற்றவரிடம் சென்று கேட்டார். பேழை உடைந்துவிட்டது என்று சொல்லி, அவர் நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். போன பணம் போனதுதான். ஆயினும் மாணவர் ஒரு காரியம் செய்தார். ஒரு வெள்ளைத்தாளில் நாணயத்தின் எடை, நீரில் எடையிழப்பு, ஒப்படர்த்தி, தராசின் மீச்சிறு அளவு, கன்னத்தில் உள்ள கீறல்கள், அளந்த தேதி ஆகியவற்றை எழுதினார். அடியில் தம் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டு, நாணயத்துடன் சேர்த்து வைத்துக்கொண்டார். அதில் 65 என்ற எண் இல்லை. ஆனால் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் யார் வேண்டுமானாலும் மறுபடி அளந்து பார்க்கலாம்.