கரை சேர்ந்த திமிங்கலங்கள்

சேர்வராயன் மலையில் வாழும் நாம், கோடை மழைக்குப்பின் வெண்மையாய்ப் பூக்கும் காப்பிச் செடியைக் கண்டு பருவத்தை அறிகிறோம். கடலோர மக்களுக்கோ கடலுயிர்களே நாள்காட்டி. முட்டையிடக் கரையேறும் ஓர் ஆமைக்குப் ‘பங்குனி ஆமை’ என்றே பெயரிட்டனர். ஆயினும் அந்நாள்காட்டியில் அடங்காத வருகையும் உண்டு.

புனித சவேரியார் 1542-இல் மறைப்பணியாற்ற வந்த முத்துக்குளித்துறையில், மணப்பாட்டின் அருகே 1973 சனவரியில் 147 திமிங்கலங்கள் கரையொதுங்கின. 43 ஆண்டுகளுக்குப்பின், 2016 சனவரியில் மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் மீண்டும் எண்பதுக்கு மேற்பட்டவை ஒதுங்கின. இருமுறையும் வந்தவை ‘பைலட்’ இனத்தவை. உற்றாரைப் பிரியாது கூட்டமாய் வாழ்பவை. கூட்டத்தில் ஒன்று வழிதவறினாலோ நோயுற்றாலோ மற்றவையும் உடன்செல்லக்கூடும் என்பர் அறிஞர்.

2016-இல் மீனவர் அவற்றைப் படகுகளால் ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். பலவோ மீண்டும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கு மேற்பட்டவை மாண்டன. உறவை விட்டுப் பிழைக்க அவை அறியவில்லை போலும்!

தமக்கு எவ்வூதியமும் தராத உயிர்களுக்காக அம்மக்கள் நீரில் இறங்கினர். ஐந்தாம் நாளில் கடலின் பேருயிர்களுக்கு இறைவன் ஆசி வழங்கியதாகத் தொடக்க நூல் உரைக்கிறது. அவ்வாசிக்கு அன்று மீனவர் கைகள் கருவியாயின. நம் தோட்டத்திற்குள் வழிதப்பி வரும் காட்டெருமை மீது கல்லெறியுமுன், அக்கைகளை நாம் நினைப்போமா?