வளரிளம் பருவக் கல்வி

வளரிளம் பருவக் கல்வி என்பது உடல் வளர்ச்சி, இனப்பெருக்க நலம், எச்.ஐ.வி. தடுப்பு ஆகியவற்றைப் பள்ளி மாணவருக்குக் கற்பிக்கும், பாலியல் கல்வியின் இந்திய வடிவமாகும். பாலியல் கல்வி, திருமணம் வரை பாலுறவைத் தவிர்க்குமாறு மட்டும் அறிவுறுத்தும் தவிர்ப்புக் கல்வி எனவும், கருத்தடை, இசைவு, பாதுகாப்பு ஆகியவற்றையும் விளக்கும் முழுமைக் கல்வி எனவும் இருவகைப்படும். நடுவண் அரசு 2005இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டம், பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்னும் எதிர்ப்பால் 2007இல் மகாராட்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களில் நிறுத்தப்பட்டது. பாலியல் குறித்த வெளிப்படைப் பேச்சுக்கும் எதிர்ப்பு எழுந்தது; தமிழ்நாட்டில், திருமணத்துக்கு முந்தைய பாலுறவு குறித்து நடிகை குஷ்பு 2005இல் தெரிவித்த கருத்துக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2010இல் இரத்து செய்தது. தவிர்ப்பை மட்டும் போதிப்பதால் பாலுறவுத் தொடக்கம் தள்ளிப்போவதில்லை என யுனெஸ்கோவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. இளந்தொழிலாளர் குடும்பத்தைப் பிரிந்து தங்கிப் பணிபுரியும் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில், பள்ளிப் பருவத்திலேயே பெறும் பாலியல் கல்வியறிவு இன்றியமையாததாகிறது.