நோயாளரின் கடமையும் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார்: நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுபவன். இவ்வரிசையில் நோயுற்றவனே முதலிடம் பெறுகின்றான். ஆயின், மேலைநாட்டு மருத்துவ ஒழுக்க விதிகளை நோக்குமிடத்து, நோயாளர் நெடுங்காலம் சொற்கேட்டு நடப்பவராகவே கருதப்பட்டனர் என்பது புலனாகும். அந்நிலை எவ்வாறு மாறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1803இல் மான்செஸ்ரர் நகர வைத்தியரான தோமஸ் பேர்சிவல் வெளியிட்ட மருத்துவ ஒழுக்க நூல் வைத்தியரின் கடமைகளைத் தொகுத்துரைத்தது. 1847 மே மாதம் பிலடெல்பியாவில் நிறுவப்பட்ட அமெரிக்க மருத்துவச் சங்கம், அந்நூலைப் பெரிதும் தழுவித் தன் ஒழுக்கக் கோவையை வகுத்தது. அதில் நோயாளருக்கும் கடமைகள் விதிக்கப்பட்டன. அவர் நோயின் காரணத்தை ஒளியாது கூறல் வேண்டும்; எனினும் அற்ப விபரங்களை விரித்து வைத்தியரைச் சலிப்படையச் செய்தலாகாது. தம் வைத்தியரின் இசைவின்றி வேறொருவரை ஆலோசனைக்கு அழைத்தலாகாது. விதித்ததை உடனடியாகவும் மறுப்பின்றியும் நிறைவேற்றல் வேண்டும். இரகசியம் காத்தல் முதலிய கடமைகள் வைத்தியருக்கும் இருந்தன. ஆனால், தம் உடலுக்குச் செய்யப்படுவதை வேண்டாமென்று கூறும் உரிமை நோயாளருக்கு அங்கு இடம்பெறவில்லை.

அவ்வுரிமை 1914இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றிலே தெளிவாக ஒலித்தது. மயக்கமருந்தின் கீழ்ப் பரிசோதனைக்கு மாத்திரமே தாம் இசைந்ததாகவும், தம் விருப்பத்துக்கு மாறாகக் கட்டி அகற்றப்பட்டதாகவும் ஒரு பெண் முறையிட்டார். தன் உடலுக்கு என்ன செய்யப்படல் வேண்டுமென முடிவுசெய்யும் உரிமை தெளிந்த அறிவுடைய வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் உண்டென நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். எனினும் தருமத்தாபனமான அவ்வைத்தியசாலை பொறுப்பாளியாகாது எனத் தீர்க்கப்பட்டது. வழக்கில் அப்பெண் தோற்றார், கோட்பாடு நிலைத்தது.

கோட்பாடு நிலைத்தமையால் மாத்திரம் கொடுமை ஒழிந்துவிடவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில், 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற 399 கறுப்பின ஆடவர் உண்மை அறிவிக்கப்படாது அரசின் பொதுச் சுகாதார சேவையால் அவதானிக்கப்பட்டு வந்தனர். பென்சிலின் அந்நோய்க்குரிய மருந்தென நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. அவர்கள் கீழ்ப்படிந்தனர்; 1847ஆம் ஆண்டுக் கோவை வேண்டிய நோயாளராகவே நடந்துகொண்டனர். அறிவிக்கப்படாதவரின் கீழ்ப்படிவு எத்தகைய கேட்டில் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1973இல் அமெரிக்க வைத்தியசாலைச் சங்கம் நோயாளர் உரிமைகளைப் பன்னிரண்டு கூறுகளாக வெளியிட்டது. 1981இல் உலக மருத்துவச் சங்கம் லிஸ்பன் நகரில் அவ்வுரிமைகளைப் பிரகடனஞ் செய்தது.

அறியும் உரிமை மொழியின்றி நிறைவேறாது. இவ்விடத்து 1847ஆம் ஆண்டு நமக்குப் பிறிதொரு வகையிலும் நினைவுகூரற்பாலது. அவ்வாண்டிலேயே அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலே மருத்துவங் கற்பித்து, உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவ வைத்தியம் முதலிய துறை நூல்களையும் தமிழாக்கினார். நோயாளர் உரிமை என்ற தொடர் அவர் காலத்தில் வழங்கியதன்று. எனினும் மருத்துவ அறிவு மக்களின் மொழியில் நிற்றல் வேண்டுமென அவர் செய்த பணி, அவ்வுரிமைக்கு இன்றியமையாத அடிப்படையாகும்.

தமக்கு விளங்காத தாளிற் பெருவிரல் அடையாளமிடும் முதியவர் இசைந்தவர் ஆவாரா? நாளை வைத்தியராகவிருக்கும் மாணவர் இவ்வினாவைத் தம்முள் எழுப்பிக்கொள்ளல் வேண்டும். நோயாளரின் கடமைகளும் ஒழிந்துவிடவில்லை. உண்மையை ஒளியாது உரைத்தல் அன்றுபோல் இன்றும் கடமையே. மறுப்பின்றிப் பணிதல் என்ற பழைய கடமையின் இடத்திலே, விளங்காதவிடத்து வினவுதலும், விளங்கி இசைந்தபின் அதன்படி ஒழுகுதலும் இன்று நிற்கின்றன. வினவுபவருக்கு அவர் மொழியில் விடைகூறுதல் வைத்தியரின் கடன்.