ஞாயிற்றுக்கிழமை 22 மைல்: ஆக்லாந்தின் ஒரு பேட்டை கிளப் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

முதல்ல ஒரு மன்னிப்பு. ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, "ஸோன் டூ, மெதுவா ஓடணும், இதெல்லாம் ஸ்மார்ட் வாட்ச் விக்கிறவங்க கிளப்பிவிட்ட கதை"ன்னு போற போக்குல சொல்லிட்டேன். சொன்னதோட நிக்காம அப்படியே நடந்தும் காட்டினேன். எங்க ஏரியா ரன்னிங் கிளப்ல வாரத்துக்கு மூணு செஷன். செவ்வாய்க்கிழமை டிராக்ல இன்டர்வெல், வியாழக்கிழமை டெம்போ, ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். செவ்வாய் அன்னைக்கு நான் முதல் ஆளா நிப்பேன். ஞாயிறு? அலாரத்தை ஆஃப் பண்ணிட்டுத் திரும்பிப் படுத்துப்பேன். நாலே மாசம். முழங்காலுக்குக் கீழ, முன்பக்க எலும்புல வலி ஆரம்பிச்சு ஆறு வாரம் ஓட்டமே இல்லை.

கிளப்ல ஒரு அங்கிள் இருக்காரு. ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர், வயசு அறுபதுக்கு மேல. நொண்டிக்கிட்டே டீக்கடைக்குப் போன என்னைப் பார்த்து, "தம்பி, ஞாயித்துக்கிழமை வராதவனுக்கு செவ்வாய்க்கிழமை எதுக்கு?"ன்னு கேட்டாரு. கோபம் வந்துச்சு. ஆனா அந்த ஆறு வாரமும் வேற வேலை இல்லாததால, யாரு சார் இந்த ஞாயிற்றுக்கிழமை விதியை எழுதினதுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் போய் நின்ன இடம் நியூசிலாந்து. ஆள் ஒரு செருப்புத் தொழிலாளி.

அந்தக் காலத்துல உலகம் எப்படிப் பயிற்சி எடுத்துச்சுன்னு முதல்ல பார்த்துடலாம். 1930களில் ஜெர்மனியில் வால்டெமர் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர், ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து இன்டர்வெல் முறையை அறிவியலாக வளர்த்தார். வேகமா ஒரு சுற்று, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடொபெக் இதை வெறித்தனமாகச் செய்தார். 400 மீட்டரை ஒரே நாளில் டஜன் கணக்கில் ஓடுவார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் அவருக்குத்தான் தங்கம். அதுக்கு மேல யாரு எதிர்த்துப் பேசுவாங்க?

ரோஜர் பேனிஸ்டர் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மருத்துவ மாணவர். மதிய உணவு இடைவேளையில் லண்டன் பாடிங்டன் மைதானத்துக்குப் போய் 440 கெஜத்தைப் பத்து தடவை ஓடுவார், நடுவில் ரெண்டு நிமிடம் ஓய்வு. 1954 ஏப்ரலில் ஒரு சுற்றுக்கு 61 விநாடி என்ற இடத்தில் சிக்கிக்கொண்டார். நண்பரோடு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போய்விட்டு வந்து ஓடினால் 59. மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் முடித்தார். இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. பயிற்சி நெருக்கி நெருக்கி ஒரு கட்டத்தில் நின்னுபோச்சு, ஓய்வு எடுத்ததும் திறந்துக்கிச்சு. ஆனா அப்போ எல்லாரும் மனசுல எழுதிக்கிட்டது அந்தப் பத்து சுற்றைத்தான்.

இப்போ ஆக்லாந்து போகலாம்.

ஆர்தர் லிடியார்ட் 1917ல் பிறந்தவர். ஷூ ஃபேக்டரியில் வேலை, வாரக் கடைசியில் ரக்பி. உடம்பு நல்லா இருக்குன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தார். இருபதுகளின் பிற்பகுதியில், அதாவது என் வயசுல, ஜாக் டோலன் என்ற தன்னைவிட மூத்த கிளப் ஓட்டக்காரர் அவரை அஞ்சு மைல் கூட்டிக்கொண்டு போனார். லிடியார்டுக்கு மூச்சு வாங்கி உயிர் போனது. டோலனுக்கு ஒண்ணும் ஆகலை. இப்பவே இப்படின்னா நாற்பத்தேழு வயசுல நான் எப்படி இருப்பேன் என்ற கேள்விதான் ஆரம்பம். ஒலிம்பிக் கனவெல்லாம் அப்போ எங்கேயும் இல்லை.

அதுக்கப்புறம் ஏறக்குறைய பத்து வருஷம் தன் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கினார். சில வாரம் மிகக் குறைவாக ஓடுவார், சில வாரம் 250 மைல் வரைக்கும் போவார். எது உடைக்குது, எது வளர்க்குதுன்னு பார்த்தார். நம்ம பாஷையில் சொன்னா ப்ரொடக்‌ஷன் சர்வர்லயே லோடு டெஸ்ட். நடுவில் குடும்பம், பிள்ளைகள், ஃபேக்டரி வேலை, ஒரு கட்டத்தில் ராத்திரி வீடு வீடாகப் பால் போடும் வேலையும். 1953, 1955 ரெண்டு வருஷமும் நியூசிலாந்து மாரத்தான் சாம்பியன்.

அவர் கண்டுபிடித்தது இதுதான்: வாரத்துக்கு சுமார் 100 மைல், மூச்சு முட்டாத வேகத்தில், பல வாரங்கள். அதுதான் அடித்தளம். அது முடிந்த பிறகு மேட்டில் துள்ளி ஏறும் பயிற்சி. டிராக் வேலை, இன்டர்வெல் எல்லாம் அதுக்கும் பிறகு, போட்டிக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும். இன்டர்வெல் தப்புன்னு அவர் சொல்லவே இல்லை. வரிசையை மாத்தினார், அவ்வளவுதான். முக்கியமானது யாருக்கு எந்தப் பயிற்சி என்பது. 800 மீட்டர்க்காரனுக்கும் அதே அடித்தளம், மாரத்தான்காரனுக்கும் அதே அடித்தளம்.

ஓவைராக்கா என்ற ஆக்லாந்துப் பேட்டை கிளப்பில், அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் சேர்ந்து வைட்டாகெரே மலைத்தொடர் பக்கம் 22 மைல் சுற்று. வையாட்டருவா ஓட்டம் என்று பேர். மைலைக் கிலோமீட்டராக்கினால் 35. கடுமையான ஏற்றம், அப்புறம் அந்த ஏற்றத்துக்கு ஈடான இறக்கம். அந்தக் கூட்டத்தில் மர்ரே ஹால்பெர்க் இருந்தார். பதினேழு வயதில் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை செயலிழந்தவர். பீட்டர் ஸ்னெல் இருந்தார். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த, நல்ல உடற்கட்டுள்ள பையன். ஓட்டக்காரனுக்கான ஒல்லி உடம்பே கிடையாது. ரெண்டு நிமிஷத்துல முடியற பந்தயத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல மலை ஏறி இறங்கணும்னா, அந்தப் பையன் மனசுல என்ன ஓடியிருக்கும்? செவ்வாய்க்கிழமை கோஷ்டியைச் சேர்ந்த எனக்கு அது நல்லாவே புரியுது.

1960 செப்டம்பர் 2, ரோம். 800 மீட்டர் இறுதிப் போட்டி. உலக சாதனையைக் கையில் வைத்திருந்த பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ் கடைசி நீட்டில் வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறார். இடது பக்கம், உள் லேனில் ஸ்னெல் வந்துகொண்டிருக்கிறார். 1 நிமிடம் 46.3 விநாடி, தங்கம். ஒரு மணி நேரத்துக்குள் அதே மைதானத்தில் 5,000 மீட்டர். மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போதே ஹால்பெர்க் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார். முடிவுக் கோட்டில் நாடாவைப் பிடித்தபடியே விழுகிறார். இரண்டாவது தங்கம். எட்டு நாள் கழித்து, அபெபே பிகிலா வெறுங்காலில் ஜெயித்த அந்தப் புகழ்பெற்ற மாரத்தானில் மூன்றாவதாக வந்தவர் பாரி மகீ. அவரும் அதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான். நியூசிலாந்தின் மொத்த ஜனத்தொகையே அப்போ 24 லட்சம் சுமார். இத்தனைக்கும் லிடியார்ட் அந்த அணியின் அதிகாரபூர்வப் பயிற்சியாளர் கூட இல்லை.

1961 கடைசியில் ஸ்னெல் ஒரு மாரத்தானே ஓடினார், 2 மணி 41 நிமிடம். அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள, 1962 ஜனவரி 27ல் வாங்கனுயியில் ஒரு மைல் உலக சாதனை, 3:54.4. அதுவும் புல் தரையில். ஒரு வாரத்தில் கிறைஸ்ட்சர்ச்சில் 800 மீட்டர், 1:44.3. அதுவும் புல்தான். எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச நம்பர் இதுதான்.

இது ஏன் வேலை செஞ்சதுன்னு லிடியார்டுக்கு விளக்கத் தெரியாது. விளக்கினது ஸ்னெல்தான். ஓய்வுக்குப் பிறகு அமெரிக்கா போய் உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் வாங்கி, டல்லாஸில் ஆராய்ச்சியாளராகவே வேலை பார்த்தார். அவர் விளக்கம் ஏறத்தாழ இப்படி: நீண்ட ஓட்டத்தில் மெதுவாக இயங்கும் தசை நார்களின் சர்க்கரைச் சேமிப்பு தீரத் தீர, வேகத்துக்கான நார்களும் வேலைக்கு இழுக்கப்படும். அவை ஆக்ஸிஜனைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைவிடக் கடைசி அரை மணி நேரத்துக்கு மதிப்பு.

கொஞ்சம் பிரேக் போடுறேன். இதைப் "பேட்டைப் பசங்க உலகத்தை ஜெயிச்ச கதை"ன்னு மட்டும் சொல்றது எனக்கு ஒப்பலை. ஸ்னெல் அபூர்வமான திறமைசாலி, எந்தக் கிளப்பில் இருந்தாலும் வெளிய தெரிஞ்சிருப்பார். 100 மைல் வாரத்தைத் தாங்க முடியாம பாதியில் நின்னவங்க பேரு எந்தப் புத்தகத்திலும் வராது, இல்லையா? இன்னொண்ணு, அந்த ஓட்டங்கள் நாம நினைக்கிற மாதிரி மெதுவும் இல்லை. பேசிக்கொண்டே ஓடலாம், ஆனா உலா இல்லை.

இதே கிளப்பில் மில்லி சாம்ப்சன் என்ற பெண்ணும் இருந்தார். 1964ல் ஆக்லாந்தில் ஒரு மாரத்தானை 3 மணி 19 நிமிடம் 33 விநாடியில் முடித்தார். அன்றைய தேதியில் உலகிலேயே பெண்களின் சிறந்த நேரம். அந்த வருஷ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் என்ன தெரியுமா? 800 மீட்டர். மாரத்தான் வர 1984 ஆனது. டோக்கியோவில் ஸ்னெல் ரெண்டு தங்கம் வாங்கினதை எல்லாரும் எழுதினாங்க. இவரை நான் நாலாவது வாரம்தான் கண்டுபிடிச்சேன்.

இதெல்லாம் சாம்பியன்கள் கதை. நமக்கு வந்து சேர்ந்த பாதை வேற. லிடியார்ட் இதய நோயாளிகளையும் தொப்பைக்காரர்களையும் மெதுவாக ஓடவைத்தார். அதிலிருந்து ஆக்லாந்தில் ஜாகிங் கிளப் பிறந்தது. 1962 கடைசியில் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தான் ஃபிட் என்ற நம்பிக்கையில் அவர்களோடு ஓடப்போய் மூச்சுத் திணறினார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு வந்து மீண்ட ஒரு பெரியவர் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக ஓடினார். பவர்மேன் ஊருக்குத் திரும்பி மக்களுக்கு ஜாகிங் வகுப்பு தொடங்கினார், 1967ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார், அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1964ல் தன் பழைய மாணவர் ஃபில் நைட்டோடு சேர்ந்து ஒரு ஷூ கம்பெனியும் ஆரம்பித்தார். அதுதான் பின்னாடி நைக்கி. இங்க பெசன்ட் நகர்ல காலை அஞ்சு மணிக்கு நாம போட்டுட்டு நிக்கிற ஷூவுக்கும் அந்தப் பெரியவருக்கும் இவ்வளவுதான் தூரம்.

லிடியார்ட் பிறகு ஃபின்லாந்துக்குப் போய்ப் பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2004 டிசம்பரில், 87 வயதில், அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோது டெக்ஸாஸில் இறந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். பதினாலு கிலோமீட்டர், அங்கிள் பக்கத்துலயே. வழி முழுக்க அவர் மக கல்யாண மண்டப வாடகையைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தாரு, நானும் பதில் சொல்லிக்கிட்டே ஓடினேன். முடிச்சதும் வாட்சைப் பார்த்தேன். "அன்புரொடக்டிவ்"னு காட்டுச்சு. அங்கிள்கிட்ட காமிச்சேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் படிச்சுப் பார்த்தாரு. "இதுக்கு எவ்வளவு தம்பி குடுத்தீங்க?"ன்னு கேட்டாரு.