ஒரு தொகுதி, இரண்டு எம்.எல்.ஏ.

1952 சட்டமன்றத் தேர்தல் முடிவுகளை எக்ஸெல்லில் ஏற்றினால் கணக்கு உதைக்கும். அன்றைய சென்னை மாநிலத்தில் தொகுதிகள் 309, எம்.எல்.ஏ.க்கள் 375. டேட்டா சரிதான். 66 தொகுதிகளுக்குத் தலா இரண்டு உறுப்பினர்கள். ஓரிடம் பொது, மற்றது தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ.

வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருத்தருக்கே போட முடியாது. எண்ணும்போது, தனி இடத்துக்கு நின்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் முதலில் தேர்வாவார். மிச்சமுள்ளவர்களில் முந்தியவருக்கு, அவர் எந்தச் சாதியானாலும், பொது இடம்.

திருநாவலூர் அன்று தென்னார்க்காடு மாவட்டம். திருநாளைப்போவாரைத் தன் தொண்டர் வரிசையில் சேர்த்துக்கொண்ட சுந்தரர் பிறந்த ஊர். அதே மாவட்டத்துச் சிதம்பரத்தில், நந்தனார் பெயரில் பள்ளி நடத்திய சுவாமி சகஜானந்தர் 1957இல் வாகீசம் பிள்ளையோடு சேர்ந்து எம்.எல்.ஏ. ஆனார். ஊருக்கும் சேரிக்கும் அதே இரண்டு பேர்தான். யாரிடம் மனு கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதே 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் பொது இடமும் பழங்குடி வேட்பாளருக்கே போனது. தோற்றவர் யார் தெரியுமா? பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1959இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. 1961இல் இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் வந்தது. தொகுதி ரொம்பப் பெரிசு, செலவு தாங்கவில்லை என்றார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பரப்பு 1952லேயே தெரிந்ததுதானே?

1962 முதல் பொதுத் தொகுதி வேறு, தனித் தொகுதி வேறு. பொதுத் தொகுதியில் கட்சிகள் தலித் ஒருவரை நிறுத்துவது அபூர்வம். அங்கே உள்ள சேரிக்காரர் ‘நம்மாளு’ என்று ஓர் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் பக்கத்துத் தொகுதிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.