கடைவீட்டுச் சன்னலும் மூங்கில் திரையும்



ஜார்ஜ்டவுன், மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் பழைய கடைவீட்டைப் புதுப்பிப்போர், வெயிலுக்கு அஞ்சி முதலில் சுருள்திரை வாங்குகின்றனர். அவ்வீட்டுச் சன்னலே வெயிலைத் தடுக்கும் கருவி என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாடியில் தரைவரை இறங்கும் இரட்டைக் கதவுகள். அவற்றில் சாய்வாக அடுக்கிய மரப்பட்டிகள். நடுக்கோலை அசைத்தால் பட்டிகள் திரும்பும். வேண்டிய அளவு காற்றும் ஒளியும் வரும், மழை வராது. கண்ணாடியே இல்லாத சன்னல்களும் அக்காலத்தில் பல. சன்னலுக்கு மேலுள்ள காற்றுத்துளைகள் வழியே வெப்பக்காற்று வெளியேறும்.

கீழே கதை வேறு. 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த திட்டத்தில், கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியான கூரையுள்ள நடைபாதை அமையவேண்டும் என்றார். அந்த ஐந்தடிப் பாதையின் தூண்களுக்கிடையே மூங்கில் திரைகள் தொங்கின. இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலேயர் வழி இங்கு வந்த ‘சிக்’ என்னும் பெயரே அவற்றுக்கு நிலைத்தது. மலாயில் ‘பிடாய்’ என்பர். கடைக்காரர்கள் அதன்மேல் பெயரை எழுதினர். திரையே பெயர்ப்பலகையும் ஆயிற்று!

மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 இறுதியோடு முடிவுற்றது. அதுவரை வாடகை குறைவு. ஆதலால் உரிமையாளர்கள் பழுதுபார்க்கவில்லை. அதே காரணத்தால் சன்னல்களைக் கழற்றி எறியவும் இல்லை. வறுமை காத்த மரவேலையைப் பிற்பாடு வந்த பணம் அழித்ததுண்டு. சிங்கப்பூரில் 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகள் பாதுகாக்கப்பட்டன. ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் விதிகளின் கண் பெரும்பாலும் வீட்டின் முகப்பின் மேலேயே. உள்ளிருந்து துளையிடும் திருகாணியைத் தடுப்பார் யார்?

எனவே திரை மாட்ட விரும்புவோர், மரச்சட்டத்தில் துளையிடலாகாது. நூறாண்டு தாங்கிய வன்மரமாயினும், துளைவழி நீர் இறங்கினால் உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் மென்மையானது. துளையைச் சுற்றி உதிரும். திருகாணியின்றி இருபுறமும் அழுந்தி நிற்கும் கம்பியில் இலேசான திரையைத் தொங்கவிடுவதே சிறந்தது. பழைய சன்னல் எதுவும் நேர்ச்சதுரமாய் இராது; மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில் அகலம் அளந்து, குறைந்த அளவையே கொள்ளவேண்டும். மேலுள்ள காற்றுத்துளைகளைத் திரை மூடக்கூடாது. மூடினால் அறை அடுப்பாகிவிடும், பிறகு குளிர்சாதனம் வேண்டும், அதற்காகச் சுவரில் இன்னொரு துளை.

கனமான மூங்கில் திரையோ வெளியே தூண்களுக்கிடையே தொங்கட்டும். பழைய கொக்கிகள் எஞ்சியிருப்பின் துரு நீக்கி அவற்றையே பயன்படுத்தலாம்.