திறந்த கதவும் மூடிய கடிதமும்

சரித்திரம் என்றாலே கோட்டைக் கதவுகளை யானை முட்டித் தகர்த்த கதை என்று எண்ணிவிடுகிறோம். ஓசையில்லாமல் திறந்த கதவுகளுக்கும் சரித்திரம் உண்டு. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டைத் திறந்து, அதன் வழியே போவதையும் வருவதையும் பார்க்க வழிசெய்த 'லிப்பீகேப்' என்ற லைப்ரரியின் கதை அத்தகையது.

1973-ம் ஆண்டு மே 22-ந் தேதி, கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞர், பல கம்ப்யூட்டர்களை ஒரே கம்பியில் இணைக்கும் யோசனையை எழுதி வைத்தார். அதற்கு 'ஈதர்நெட்' என்று பெயர். வெளியெங்கும் நிறைந்து ஒளியைச் சுமப்பதாகப் பழைய விஞ்ஞானிகள் நம்பிய ஈதர், பிற்பாடு இல்லை என்றாகிவிட்டது. இல்லாத பொருளின் பெயர் இருக்கிற கம்பிக்கு வாய்த்தது!

அந்தக் கம்பி ஒண்டுக்குடித்தன வீட்டைப் போன்றது. ஒருவர் பேசினால் எல்லோர் காதிலும் விழும். ஆனாலும் ஒவ்வொரு கார்டும் தன் விலாசத்துக்கு வந்ததையும் பொது அறிவிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைக் காதில் வாங்காதது போல் இருந்துவிடும். ஆயினும், 'எல்லாவற்றையும் கேள்' என்று கார்டுக்கு உத்தரவிடவும் வழி இருந்தது.

1986 அக்டோபரில் ஒரு விபரீதம் நேர்ந்தது. லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்கிலி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரந்தான். விநாடிக்கு 32,000 பிட் வேகத்தில் போய்க்கொண்டிருந்த செய்திகள் 40 பிட்டுக்கு விழுந்துவிட்டன. அதாவது, விநாடிக்கு ஐந்தே எழுத்து! பதில் வராத யந்திரங்கள் அனுப்பியதையே மறுபடி அனுப்பி, திருவிழா நெரிசலில் பின்னாலிருப்பவர்கள் முட்டித் தள்ளுவது போல் செய்துவிட்டன. ஆய்வுக்கூடத்திலிருந்த வான் ஜேக்கப்ஸன் இதை ஆராய்ந்து, நெரிசல் கண்டால் நிதானிக்கும் முறையை 1988-ல் வெளியிட்டார்.

கம்பியில் நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தானே பரிகாரம் தேட முடியும்? அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக அவரும் கிரேக் லெரெஸ், ஸ்டீவன் மக்கேன் என்ற சகாக்களும் 'டி.சி.பி.டம்ப்' என்ற கருவியை எழுதினார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த பகுதியே லிப்பீகேப். ஒவ்வொரு கம்பெனியின் யந்திரத்திலும் கதவு ஒரு விதம்; சாவியும் ஒரு விதம். இந்த லைப்ரரியோ நான்கு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டது: எந்தக் கார்டு? ஒவ்வொரு பொட்டலத்திலும் எத்தனை பைட்? எல்லோருடையதுமா, நம்முடையது மட்டுமா? எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? பதில் சொன்னால் கதவு திறக்கும். திறக்காவிட்டால் காரணம் சொல்லும். கண்டவர்கள் திறந்துவிடாதபடி, பெரும்பாலும் யந்திரத்தின் நிர்வாகிக்கே அந்த அதிகாரம். வேண்டாத பொட்டலங்களை வாசலிலேயே தடுத்துவிடும் காவற்காரனைப் பற்றி ஜேக்கப்ஸனும் மக்கேனும் 1993-ல் ஸான் டியாகோ மாநாட்டில் கட்டுரை படித்தார்கள்.

வைத்தியனுக்குத் திறந்த கதவு திருடனுக்கு மட்டும் மூடியிருக்குமா? அந்நாளில் பாஸ்வேர்டுகள் தபால் கார்டில் எழுதியது போல் வெளிப்படையாகவே கம்பியில் போயின. ஹெல்ஸிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ அவற்றை ஒட்டுக்கேட்டுத் திருடிவிட்டார்கள். அங்கிருந்த டாட்டு இலோனன், 1995-ல் செய்தியைப் பூட்டியனுப்பும் 'எஸ்.எஸ்.எச்.' முறையை உருவாக்கினார்.

இதில்தான் எனக்கு ஒரு பெரிய உண்மை தெரிகிறது. கேட்கும் காதை யாரும் அறுக்கவில்லை. கடிதத்துக்கு உறை போட்டார்கள். 1998-ல் ஜெரால்டு கோம்ப்ஸ் வெளியிட்டு, 2006-ல் 'ஒயர்ஷார்க்' என்று பெயர் மாறிய கருவியும் அதே லைப்ரரியின் வழியாகக் கதவைத் திறந்து, பழுது பார்ப்பவர்களுக்கு உதவி வருகிறது.

கதை எழுதுகிறவன் பிறர் பேச்சைக் கேட்டே பிழைக்கிறான். ஆகவே கேட்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். எதற்காகக் கேட்கிறோம் என்பதில்தான் வைத்தியனும் திருடனும் பிரிகிறார்கள். அந்த ஐந்தாவது கேள்வியை எந்த லைப்ரரியும் கேட்பதில்லை. அதை மனிதன்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.